ஒத்தக்காதன் செத்தானா இல்லையா

பன்னெண்டு பேருக்கும் பெயிண்ட் அடிச்சு முடிச்சாச்சு. எட்டு மாசம் இழுத்துச்சு. வீட்டுல யாராச்சும் வந்தா "இது என்ன தம்பி, பொம்மையா"ன்னு கேப்பாங்க, ஆமா பொம்மைதான், 28 மில்லிமீட்டர், சுண்டுவிரல்ல பாதி ஒசரம், போர் வெளையாட்டுக்குன்னு வெளிநாட்டுல விக்கிற பிளாஸ்டிக் சிப்பாய்க. பெரிய மச்சான் துபாய்ல இருந்து வரும்போது ரெண்டு பெட்டி கொண்டு வந்தாரு, ஒண்ணு 1600கள்ல உள்ள ஐரோப்பிய துப்பாக்கிக்காரங்க, இன்னொண்ணு தென்னாப்பிரிக்கா ஜூலு வீரர்க. எனக்கு வேண்டியது ரெண்டும் இல்ல, எனக்கு கிழவன் சேதுபதி காலத்து ஆளுக வேணும், போகலூர்ல இருந்து தலைநகரை ராமநாதபுரத்துக்கு மாத்துனாரே அந்த காலம், எங்க கீழக்கரை சீதக்காதி அவரு பக்கத்துல இருந்த காலம். அப்படி ஒரு பெட்டி எந்த நாட்டுலயும் போடமாட்டாங்க, அதான் வெட்டி ஒட்டுறது.

ஐரோப்பியன டச்சுக்காரனா அப்படியே விட்டுட்டேன். ஜூலு ஆளுக வெறும் மேலோட நிக்கிறதால அந்த ஒடம்பு நமக்கு சரியா வந்துச்சு. இடுப்புல இருக்குறத செதுக்கி எடுத்துட்டு எம்சீல் (ஓட்டை அடைக்க பிசைஞ்சு வைக்கிற பசை) வச்சு வேட்டி மடிப்பு, தலைக்கு முண்டாசு. எம்சீல்ல ஒரு கஷ்டம், சீக்கிரம் இறுகிரும், கொஞ்சம் நெருநெருன்னும் இருக்கும். கொஞ்சங்கொஞ்சமா பிசைஞ்சு, ஊசிய தண்ணில தொட்டுத் தொட்டு அழுத்தணும், இல்லாட்டி ஊசியோட மொத்த வேட்டியும் வந்துரும் (வந்துச்சு, ரெண்டு தடவ). முண்டாசுக்கு நூலு மாதிரி உருட்டி முறுக்கிச் சுத்துனேன். ஈட்டிக்கு வெளக்குமாத்து ஈர்க்கு, கயித்துக்கு தங்கூசி, அதான் மீன் புடிக்கிற நைலான் நூலு.

ஒத்தக்காதன் பொறந்ததும் இப்படித்தான். பழைய முடிய செதுக்கும்போது பிளேடு வழுக்கி வலது காது போயிருச்சு. தூக்கிப் போடலாம்னு பாத்தேன், மனசு வரல, சரி, பாம்பன் பக்கத்து ஆளு, டச்சுக்காரன் குண்டு உரசி காது போச்சு, அதுல இருந்து யாரு என்ன சொன்னாலும் இடது பக்கமா தலைய சாச்சுத்தான் கேப்பான்னு நோட்டுல எழுதிட்டேன், கழுத்தையும் லேசா வெட்டி சாச்சு ஒட்டிட்டேன். அப்புறம் எல்லாருக்கும் இதே கததான். ஒருத்தனுக்கு கணுக்கால்ல பசை வழிஞ்சு வீங்குன மாதிரி ஆச்சு, அவனுக்கு யானைக்கால். ஒருத்தன் கண்ணு சிவப்பா போயிருச்சு, அவன் சங்குகுளி, உப்புத்தண்ணி கண்ணு. ராஜா, மந்திரி, சீதக்காதி வாயில நான் ஒரு வசனமும் வைக்க மாட்டேன், அவுகளப் பத்தி தெரிஞ்சது போதும். பேரே எழுதி வைக்காம போன ஆளுக மேலதான் என் கைவரிசை.

வளரிக்குத்தான், அதான் கையால எறியிற வளைஞ்ச ஆயுதம், ரொம்ப மெனக்கெட்டேன். கூல்டிரிங்ஸ் கேன் தகடு, 8 மில்லிமீட்டர் நீளம், ஒண்ணரை அடி வளரிக்கு கணக்கு சரியா வரும். நாலு பேருக்கு ஒட்டி முடிச்சு வாப்பாகிட்ட காட்டுனேன். கண்ணாடிய மாட்டி கொஞ்ச நேரம் பாத்துட்டு, "தல கனமா இருக்குற பக்கத்தயா கையில புடிப்பான்?"னு கேட்டாக. அம்புட்டுதான். ராமநாதபுரம் அரண்மனை ராமலிங்க விலாசத்துல கண்ணாடிக்குள்ள எத்தன தடவ பாத்துருக்கேன், மெல்லிசு முனைதான் கைக்கு, கனத்த முனை முன்னாடி, அது தெரிஞ்சும் தப்பா ஒட்டிருக்கேன். நாலையும் பேத்து திருப்பி ஒட்டுனதுல ஒருத்தனுக்கு கட்டைவிரல் போச்சு (அதுக்கும் ஒரு கத இருக்கு). இன்னொண்ணு, வளரின்னு சொன்னாலே "எறிஞ்சா திரும்பி வருமே"ங்கிறாங்க. போர்ல எறியிறது திரும்பி வந்து என்ன ஆகப்போகுது, எதிராளி காலுல பட்டு அவன் விழணும், அதுக்குத்தான் அது.

கர்னல் வெல்ஷ்னு ஒரு இங்கிலீஷ்காரரு, 1795ல சின்ன மருதுகிட்ட வளரி எறியக் கத்துக்கிட்டத 1830ல வந்த தன்னோட நினைவுக் குறிப்புல எழுதிருக்காரு, கை தேர்ந்தவன் எறிஞ்சா நூறு கெஜத்துக்குள்ள குறி தப்பாதாம். நூறு கெஜம்னா 90 மீட்டருக்கு மேல, என் பொம்மை அளவுக்கு சுருக்குனா ஒண்ணரை மீட்டர தாண்டுது, எங்க சாப்பாட்டு மேசையே நாலடி. அப்ப வளரி மேசைய தாண்டி அடுப்படில உம்மா மேலதான் விழும். அதனால ஆட்டத்து விதில வளரி போற தூரம் எட்டு இஞ்சின்னு வச்சுட்டேன், வெல்ஷ் மன்னிக்கணும்.

கலரு பத்தி ரெண்டு வார்த்த. பெட்டில போட்டுருந்த தோலு கலரு ரோஸ், அத மூடி வச்சுட்டு கரும்பழுப்புல கொஞ்சம் செங்காவி கலந்து அடில அடிச்சு, தோளு, மூக்கு, முட்டில மட்டும் வெளிறுன பழுப்பு. துணிக்கு ராமலிங்க விலாசத்து சுவரு ஓவியத்த பாத்துதான், அங்க தஞ்சாவூர் மராத்தியரோட நடந்த சண்டையே வரைஞ்சிருக்கு, சிவப்பு தூக்கலா. என் கதைக்கு கொஞ்சம் பிந்துன காலம், பரவால்ல. ஸ்பிரே பிரைமர் (பெயிண்டுக்கு முந்தி அடிக்கிற அடிப்பூச்சு) மட்டும் ஐப்பசி கார்த்திகைல அடிச்சுராதீங்க, கடக்காத்து ஈரத்துல மாவு பூத்த மாதிரி ஆயிரும். ஆடில கச்சான் காத்து அடிக்கும்போது புழுதி ஒட்டும். பங்குனி வரைக்கும் பொறுத்துதான் அடிச்சேன்.

பொம்மை நிக்கிற அடிக்கட்டைக்கு கடக்கர மணலு. மொத தடவ அப்படியே ஃபெவிக்கால்ல ஒட்டுனேன், ஒரு வாரத்துல உப்பு வெள்ளையா பூத்துருச்சு. அப்புறம் நல்ல தண்ணில மூணு தடவ அலசி, பழைய வடச்சட்டில வறுத்து, மாவு சல்லடைல சலிச்சேன். சல்லடை விஷயம் உம்மாவுக்கு இன்னும் தெரியாது.

போன வெள்ளிக்கிழமை மொத ஆட்டம், ராத்தா மவனோட. அவன் பக்கம் சேதுபதி ஆளுக, நான் டச்சு. மூணாவது சுத்துல ஒத்தக்காதன் மேல நான் உருட்டுன பகடைல ஆறு, அப்படின்னா ஆளு செத்தான். பய பொம்மைய கையில எடுத்து வச்சுக்கிட்டு தரமாட்டேங்கிறான்.

"மாமா, அவன் சாவல."

"ஆறு விழுந்துச்சுல்ல, விதிடா."

"ஒங்களுக்கு பிளேடு வழுக்குனப்ப காதுதான போச்சு. இப்பயும் தோளுலதான் பட்டுச்சு. வத்தையில ஏறி எலங்கைக்கு போயிட்டான், அப்புறமா வருவான்."

நோட்ட எடுத்து அப்படியே எழுதிக்கிட்டேன். இப்ப ஒரு வத்தை, அதான் பாய் கட்டுன படகு, செய்யணும், அடி தெர்மாகோல்ல செதுக்குறதா ஐஸ்குச்சிய ஒட்டி வளைக்கிறதான்னு யோசிச்சுக்கிட்டு இருக்கேன், பாய்க்கு வாப்பாவோட பழைய கைலி ஒண்ணு கெடக்கு.