தாத்தாவின் பெலிக்கான்

மதியம் நிப்பு ஒருவழியாகக் கழன்று வந்தது.

தோட்டத்தில் கிராணியாக (எழுத்தராக) இருந்த தாத்தாவின் மைப்பேனா, பெலிக்கான் 400. 1950இல் வந்த மாடல். நுனி மணி உதிர்ந்து, தாளைக் கீறிக்கொண்டே இருந்தது.

ராத்திரி முழுக்கப் பச்சைத் தண்ணீரில் ஊறவைத்தேன். வெந்நீர் கூடாது, நிப்புக்கு அடியில் மை இறங்கி வரும் எபோனைட் (கடின ரப்பர்) நாக்கு வெளுத்துவிடும். இரண்டையும் சேர்த்துப் பிடித்து இடப்பக்கமாகத் திருகினால் போதும், குறடே வேண்டாம். மரையிடுக்கில் காய்ந்திருந்த நீல மை தண்ணீரில் நூல் நூலாகப் பிரிந்தது.

தாத்தா கடைசியாக ஊற்றிய மை!

அப்புறம் பெலிக்கானின் இப்போதைய மாடலான எம்400இன் நிப்பை வைத்துத் திருகினேன். அதே மரை. கச்சிதமாக உட்கார்ந்தது.

பழுதானால் அவரவரே மாற்றிக்கொள்ளட்டும் என்று நினைத்துச் செய்தார்களே, அவர்கள் மேல் எனக்குப் பெரிய மரியாதை. மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் பழுது பார்க்க ஆள் தேடி அலையவே இல்லை.

உங்கள் வீட்டு அலமாரியில் பழைய பேனா கிடந்தால் தூக்கிப் போடாதீர்கள், எனக்குச் சொல்லுங்கள்.