ஹென்டன் நாட்குறிப்பு: ஷபாத்தும் பிள்ளைகளும்

22 டிசம்பர் 2022, வியாழன் இரவு

நாளை மாலை மூன்றரை மணி தாண்டியதுமே ஷபாத், அதாவது வெள்ளி சூரியன் மறையும் முன்பிருந்து சனி இருட்டும் வரை நீளும் எங்கள் யூத ஓய்வுநாள், தொடங்கிவிடும். லண்டனில் டிசம்பர் வெள்ளிக்கிழமை என்றால் மூச்சுவிட நேரமிருக்காது. அதனால் பாதி வேலையை இன்றே முடித்தாயிற்று.

ஹல்லா ரொட்டிக்குப் பிசைந்த மாவில் பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு உருண்டை கொடுத்தேன். மூத்தவள் மூன்று இழையாகப் பின்னினாள். நடுவுள்ளவன் பாம்பு செய்து, உலர்திராட்சையில் கண் வைத்தான். வனாந்தரத்தில் எங்கள் முன்னோருக்கு வெள்ளிக்கிழமை மட்டும் வானத்து உணவான மன்னா இரண்டு பங்கு கிடைத்ததை நினைத்துத்தான் மேசையில் இரண்டு முழு ரொட்டி வைக்கிறோம். அதில் ஒன்று பாம்பாகத்தான் இருக்க வேண்டும் என்று இப்போதே சொல்லிவிட்டான். சரி, இருக்கட்டும்.

மெல்ல வேகும் ஷபாத் குழம்பான சோலண்டுக்கு பீன்ஸும் பார்லியும் ஊறுகின்றன. ஷபாத்தில் அடுப்பு மூட்டுவதில்லை, சுவிட்ச் போடுவதில்லை. கூடத்து விளக்குக்கு டைமர் வைப்பது, ஃபிரிட்ஜ் பல்பைக் கழற்றுவது, டாய்லெட் பேப்பரை முன்கூட்டியே கிழித்து அடுக்குவது எல்லாம் நாளைக்கு. பேட்டரி பொம்மைகளைச் சேகரித்துத் தருவது மூத்தவள் பொறுப்பு. தம்பியின் தீயணைப்பு வண்டியை அவன் கையிலிருந்து வாங்குவதற்குள் அவளுக்குப் போதும் போதும் என்றாகிவிடும்.

24 டிசம்பர் 2022, சனி இரவு

ஷபாத்தில் எழுதுவது கிடையாது, அதனால் இரண்டு நாள் கதையும் இப்போதுதான்.

நேற்று, எட்டு நாள் விளக்குத் திருநாளான ஹனுக்காவின் ஆறாவது விளக்கு. ஷபாத் மெழுகுவத்தி ஏற்றியபின் நெருப்பைத் தொடக் கூடாது, எனவே ஹனுக்கா விளக்குகளை முதலில் ஏற்றினோம். இருட்டியபின் அரை மணி நேரமாவது அவை எரிய வேண்டும் என்பதால் எண்ணெயைத் தாராளமாக ஊற்றினோம். அப்புறம் என் மெழுகுவத்திகள்: வழக்கமான இரண்டோடு பிள்ளைக்கு ஒன்று.

ஜெப ஆலயத்திலிருந்து வந்ததும் கணவர் பிள்ளைகள் தலையில் கைவைத்து ஆசீர்வதித்தார். மகளுக்கு, "தேவன் உன்னைச் சாராள், ரெபெக்காள், ராகேல், லேயாளைப் போல ஆக்குவாராக." மகன்களுக்கு எப்பிராயீம், மனாசே. ஆதியாகமம் முழுக்க அண்ணன் தம்பி பகைதான். யோசேப்பின் இந்த இரண்டு பிள்ளைகளுக்குள் மட்டும் சண்டை வந்ததாக ஒரு வரி கிடையாது. பிறகு எண்ணாகமத்திலிருந்து ஆசாரியர்களின் ஆசீர்வாதம். சற்று முன்புதான் அக்காவின் முடியைப் பிடித்து இழுத்தவன், அப்பாவின் உள்ளங்கைக்குக் கீழே ஆடாமல் நின்றான். வாரமெல்லாம் அதட்டிய பிள்ளையைத் தொட்டு, நீ நன்றாயிரு என்று வாய்விட்டுச் சொல்ல நம் முன்னோர் ஒரு நேரம் குறித்து வைத்திருக்கிறார்கள். ஷபாத்தில் எனக்கு மிகவும் பிடித்தது இந்த நிமிடம்தான்.

இன்று மாலை ஐந்துக்கெல்லாம் ஷபாத்தை முடித்துவைக்கும் சடங்கான ஹவ்தலா. பின்னல் மெழுகுவத்தியை மூத்தவள் பிடித்துக்கொள்ள, கிராம்பு டப்பா எல்லார் மூக்கையும் சுற்றி வந்தது.

14 ஜனவரி 2023, சனி இரவு

கைக்குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்து எல்லாருமாக ஜெப ஆலயத்துக்குப் போய்வந்தோம். இதைச் சாதாரணமாக எழுதிவிட்டேன், ஆனால் இது சாதாரண விஷயமில்லை. ஷபாத்தில் வீட்டிலிருந்து தெருவுக்கு எதையும் தூக்கிப் போகக் கூடாது. கைக்குழந்தையையும் டயப்பர் பையையும் சேர்த்துத்தான். ஹென்டன், கோல்டர்ஸ் கிரீன் பகுதியைச் சுற்றி 2003இல் எருவ், அதாவது உள்ளே தூக்கிச் செல்ல இடம்தரும் அடையாள எல்லை, வந்த பிறகே இங்கே தள்ளுவண்டி வெளியே வந்தது. பத்து மைலுக்கும் மேலான எல்லை அது. பெரும்பகுதி ஏற்கெனவே இருக்கிற ரயில் பாதை, நெடுஞ்சாலை, வீட்டு வரிசைகள்தான். இடைவெளி விழும் இடத்தில் மட்டும் கம்பங்களும் மேலே மெல்லிய கம்பியும். அறுந்திருக்கிறதா என்று வாரந்தோறும் ஷபாத்துக்கு முன் பார்த்துவிடுகிறார்கள். திட்டம் பேசப்பட்டு, எதிர்ப்புகளைத் தாண்டி நிறைவேற பத்தாண்டுகளுக்கு மேல் ஆயிற்று.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த பாட்டியம்மா சொன்னார்: "நாலு பெற்றேன். கடைசிப் பிள்ளை நன்றாக நடக்கிற வரைக்கும் சனிக்கிழமை வெயில் எனக்கு ஜன்னல் வழியாகத்தான்." எருவைப் பெண்கள் விஷயம் என்று ஒதுக்கிப் பேசுகிறவர்கள் அவர் பக்கத்தில் கொஞ்ச நேரம் உட்கார வேண்டும்.

எங்கள் தெருவிலேயே இந்த எருவை ஏற்காத குடும்பம் ஒன்று உண்டு. அவர்களுக்கும் கைக்குழந்தை. அதனால் மதியம் நாங்கள்தான் அங்கே போனோம்.

25 ஜூன் 2023, ஞாயிறு

நேற்று ஷபாத் முடியும்போது இரவு பத்தேகால் தாண்டிவிட்டது. ஹவ்தலாவுக்கு முன்பே மூன்றும் தூங்கிவிட்டன. காலையில் மூத்தவள் கேட்ட முதல் கேள்வியே, "நான் இல்லாமல் கிராம்பு மோந்தீர்களா?"

வெள்ளிக்கிழமை ஒன்பது மணி வரை பிள்ளைகளைச் சாப்பிடாமல் வைத்திருக்க முடியாது. கோடையில் இங்கே பலரும் செய்வதுபோல அடுத்த வாரமும் எட்டு மணி வாக்கிலேயே மெழுகுவத்தி ஏற்றி ஷபாத்தைத் தொடங்கப் போகிறோம். அப்போதுதான் ஆசீர்வாதத்துக்கும் சூப்புக்குமாவது மூன்று பேரும் விழித்திருப்பார்கள். சனி இரவுக்கு மூத்தவளை மதியம் தூங்கவைத்துப் பார்க்க வேண்டும்.