கீப்பர் காலியான பிறகு ரெப்ளிகாக்களை மீட்ட அனுபவம்

எங்கள் கிளிக்ஹவுஸ் தரவுத்தளக் கிளஸ்டரில் மூன்று ஷார்டு (தரவின் பங்கு), ஒவ்வொன்றுக்கும் இரண்டு ரெப்ளிகா (அதே பங்கின் நகலை வைத்திருக்கும் சர்வர்). இந்த ஆறு சர்வர்களுக்கும் பொதுக் கணக்குப்பிள்ளையாக மூன்று கீப்பர் நோடுகள். ஒரு சனிக்கிழமை இரவு பராமரிப்பு வேலைக்காக அந்த மூன்றையும் சேர்த்து நிறுத்திவிட்டு மறுபடி எழுப்பினோம். மூன்றும் எழுந்தன. ‘ஆர் யூ ஓகே’ என்று கேட்டதற்கு ‘ஐ ஆம் ஓகே’ என்று பதிலும் சொல்லின.

கொஞ்ச நேரத்தில் புதுத் தரவு உள்ளே போவது நின்றது. தரவைச் சேர்க்கும் இன்செர்ட் எல்லாம் 242 என்ற பிழை எண்ணோடு திரும்பி வந்தன. டேபிள் ரீட்-ஒன்லி நிலையில் (படிக்கலாம், எழுத முடியாது) இருக்கிறது என்று அதற்கு அர்த்தம். தரவைப் படிக்கும் செலக்ட் மட்டும் வழக்கம்போல ஓடியது. ஒரு சர்வரை ரீஸ்டார்ட் செய்து லாக்கைத் திறந்தால் டேபிளுக்கு ஒரு வரி வீதம் அதே செய்தி: கீப்பரில் இதற்கு மெட்டாடேட்டா (டேபிளைப் பற்றிய குறிப்பு) இல்லை, ரீட்-ஒன்லியாகவே இருக்கும்.

காரணம் எங்கள் அமைப்பில்தான் இருந்தது. கீப்பர் தன் லாக்கையும் ஸ்னாப்ஷாட்டையும் (அந்த நேரத்துக் கணக்கின் நகல்) எழுதும் ஃபோல்டரை, இயந்திரத்தை நிறுத்தினால் அழிந்துபோகும் தற்காலிக டிஸ்க்கில் வைத்திருந்தோம். ஒரு நோடு மட்டும் நின்றிருந்தால் மற்ற இரண்டும் தம்மிடம் உள்ள கணக்கை அதற்கு எடுத்துக் கொடுத்திருக்கும். மூன்றும் ஒன்றாக நின்றதால் கொடுக்க யாரும் இல்லை; காலியாகவே எழுந்தன.

டேபிளின் வடிவத்தைச் சொல்லும் கிரியேட் வரிகள், ஒவ்வொரு சர்வரிலும் மெட்டாடேட்டா ஃபோல்டருக்குள் எஸ்க்யூஎல் கோப்புகளாக இருக்கின்றன. எஸ்க்யூஎல் வழியாக உருவாக்கிய பயனர்களும் அனுமதிகளும் ஆக்சஸ் ஃபோல்டரில். தரவு, பார்ட் என்னும் துண்டுகளாக டிஸ்க்கில். இவை எதற்கும் ஒன்றும் ஆகவில்லை. எந்த ரெப்ளிகாவிடம் எந்தப் பார்ட் இருக்கிறது, வரிசையில் என்ன வேலை நிற்கிறது, அண்மையில் வந்த இன்செர்ட்களின் ஹாஷ் (உள்ளடக்கத்திலிருந்து கணக்கிட்ட அடையாளம்) என்ன என்பதெல்லாம் கீப்பரில் இருந்தது. போனது அதுதான்.

அந்த இரவில் அதிக நேரம் எடுத்தது கட்டளைகள் அல்ல, ஒரு விவாதம். எங்களிடம் பன்னிரண்டு நாள் பழைய கீப்பர் ஸ்னாப்ஷாட் ஒன்று இருந்தது. அதைப் போட்டுவிடலாம் என்று குழுவில் பாதிப் பேர். நான் வேண்டாம் என்றேன். இந்தப் பன்னிரண்டு நாளில் பார்ட்கள் எத்தனையோ முறை ஒன்றோடொன்று இணைந்து புதுப் பெயர் எடுத்திருக்கும். பழைய கணக்கு, இப்போது இல்லாத பார்ட்களைக் கேட்கும். இருக்கும் பார்ட்களை அந்நியம் என்று சொல்லும். முரண்பாடு அளவுக்கு மீறினால், டிஸ்க்கில் இருப்பதும் கீப்பரில் இருப்பதும் ஒத்துவரவில்லை என்று டேபிளே திறக்க மறுக்கும். உயிரோடு இருக்கும் கிளஸ்டருக்கு டிஸ்க்கில் உள்ள பார்ட்கள்தான் உண்மை. அவற்றிலிருந்து கணக்கை எழுதவைப்பதே சரி என்று இன்றும் நினைக்கிறேன்.

அதற்கென்றே 2021-இல் வந்த கட்டளை ‘சிஸ்டம் ரீஸ்டோர் ரெப்ளிகா’. அதைத் தொடுவதற்கு முன், தரவு அனுப்பும் வேலைகளை எல்லாம் நிறுத்தினோம். மெட்டாடேட்டா, ஆக்சஸ் ஃபோல்டர்களை வேறு இயந்திரத்துக்கு நகல் எடுத்தோம். தரவு ஃபோல்டருக்கு ஹார்ட் லிங்க் (அதே கோப்புக்கு இன்னொரு பெயர்) நகல் போதும். எழுதி முடித்த பார்ட் மாறுவதில்லை, இடமும் பெரிதாகப் பிடிக்காது. அப்புறம், ஒவ்வொரு டேபிளிலும் பார்ட்டிஷன் (டேபிளின் உட்பிரிவு) வாரியாக எத்தனை வரிகள் என்பதை ‘சிஸ்டம் பார்ட்ஸ்’ டேபிளிலிருந்து ஒரு கோப்பில் எழுதிவைத்தோம். இரண்டு ரெப்ளிகாவுக்கும் தனித்தனியாக. இந்தக் கோப்புதான் எங்களைக் காப்பாற்றியது.

மிகச் சிறிய டேபிளில் தொடங்கினோம். ரீஸ்டார்ட் செய்யாத சர்வரில் முதலில் ‘சிஸ்டம் ரீஸ்டார்ட் ரெப்ளிகா’, அடுத்து ரீஸ்டோர். பார்ட்கள் எல்லாம் டிடாச்ட் ஃபோல்டருக்கு, அதாவது கழற்றிவைக்கும் இடத்துக்குப் போகின்றன. ஃபோல்டர் காலியாவதைப் பார்க்கும்போது வயிற்றைக் கலக்கியது. பிறகு, செயலில் இருந்த பார்ட்கள் ஒவ்வொன்றாகத் திரும்பி இணைந்து கீப்பரில் பதிவாகின. ‘சிஸ்டம் ரெப்ளிகாஸ்’ டேபிளில் ரீட்-ஒன்லி என்ற நெடுவரிசை 1-இலிருந்து 0 ஆனது. இரண்டாவது ரெப்ளிகாவிலும் அதையே செய்தோம். தன்னிடம் ஏற்கெனவே இருந்த பார்ட்களை அது நெட்வொர்க்கில் இழுக்காமல் டிஸ்க்கிலிருந்தே எடுத்துக்கொண்டது.

எந்த ரெப்ளிகாவை முதலில் மீட்கிறோம் என்பதில் கவனம் வேண்டும். முதலில் வருவதன் பார்ட்கள்தான் புதுக் கணக்கின் அடிப்படை. ஒரு பெரிய டேபிளில் அவசரப்பட்டு எண்களை ஒப்பிடாமல் தொடங்கிவிட்டோம். முடிந்த பிறகு கோப்போடு பார்த்தால் கடைசிப் பார்ட்டிஷனில் வரிகள் குறைந்தன. கீப்பர் நிற்பதற்குச் சற்று முன் வந்த நான்கு பார்ட்கள் இரண்டாவது சர்வரில் மட்டும் இருந்திருக்கின்றன. அவை அங்கே டிடாச்ட் ஃபோல்டரிலேயே கிடந்தன. ‘அட்டாச் பார்ட்’ கொடுத்து ஒவ்வொன்றாகச் சேர்த்ததும் எண்ணிக்கை சரியாக வந்தது. அதன் பிறகு எந்த டேபிளையும் ஒப்பிடாமல் தொடவில்லை.

புதுத் தரவுக்கு வாசலைத் திறக்கும் முன் இன்னொன்று யோசிக்க வேண்டியிருந்தது. ஒரே தொகுதி இரண்டு முறை வந்தால் தள்ளிவிட உதவும் ஹாஷ்களும் கீப்பரோடு போய்விட்டன. பாதுகாப்புக்காகக் கடைசி ஒரு மணி நேரத்தை மறுபடி அனுப்பியிருந்தால் இரட்டிப்பாகப் பதிந்திருக்கும். எது வரை பதிந்திருக்கிறது என்று டேபிளிலேயே பார்த்து, அதற்கு அடுத்ததிலிருந்து அனுப்பச் சொன்னோம். விடியும்போது ஆறு சர்வரிலும் தரவு ஏறிக்கொண்டிருந்தது.

கீப்பரின் ஃபோல்டர் இப்போது நிலையான டிஸ்க்கில். மெட்டாடேட்டா, ஆக்சஸ் ஃபோல்டர்களும், பார்ட்டிஷன் வாரியான வரி எண்ணிக்கையும் தினமும் வெளியே போகின்றன. மாதம் ஒரு முறை தனிச் சர்வர்களில் கீப்பரை வேண்டுமென்றே காலியாக்கி மீட்டுப் பார்க்கிறோம். முதல் ஒத்திகையிலேயே ஒரு குறை தெரிந்தது. கிரியேட் வரிகளில் ஷார்டு, ரெப்ளிகா பெயர்கள் வரும் இடத்தில் மேக்ரோதான் (மதிப்பு பிறகு நிரப்பப்படும் குறி) இருக்கிறது. அதன் மதிப்பு கான்ஃபிக் கோப்பில். அந்தக் கோப்பு எங்கள் பேக்அப்பில் இல்லை. மறுநாளே ஆறு சர்வர்களின் கான்ஃபிக் ஃபோல்டரையும் பட்டியலில் சேர்த்தோம்.