மூலையில்லா வீடு: ஒரு நாட்குறிப்பு

2024 ஜனவரி 21, ஞாயிறு

நாகர்கோவிலுக்கு வெளியே வாங்கிப் போட்டிருந்த மனையில், நடுவில் ஒரு முளையை அடித்து, எட்டடிக் கயிற்றைக் கட்டி, சுண்ணாம்புத் தூளால் வட்டம் போட்டோம். ஆசைதான் முதற் காரணம் என்றாலும் கணக்கும் உண்டு: ஐம்பதடி நீளச் சுவரைச் சதுரமாக எழுப்பினால் உள்ளே 156 சதுர அடிதான் கிடைக்கும், அதையே வட்டமாக வளைத்தால் ஏறத்தாழ 199 கிடைக்கும். அம்மா கோட்டுக்கு வெளியிலேயே நின்றுகொண்டு, "மக்களே, மூலையே இல்லாத வீட்டுல ஈசான மூலைய எங்க போய்த் தேடுவ?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

பிப்ரவரி 18, ஞாயிறு

சுவருக்கு எலிப்பொறிக் கட்டு. செங்கல்லைப் படுக்க வைக்காமல் பக்கவாட்டில் நிறுத்தி, இரு வரிசைகளுக்கும் நடுவே சுமார் மூன்றங்குல வெற்றிடம் விட்டு, இடையிடையே ஒரு கல்லைக் குறுக்கே வைத்துப் பிணைக்கும் இம்முறையில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு கல் மிச்சமாகும். வெற்றிடத்துக் காற்று வெயிலின் சூட்டையும் ஓரளவு தடுக்கும். ஆனால் கை பழகிய கொத்தனாருக்கு இடைவெளி என்றாலே அது நிரப்பப்பட வேண்டியது. முதல் இரண்டு வரிகளில் உள்ளே கலவையைக் கொட்டிவிட்டார். பிரித்துக் கட்டியதில் ஒரு நாள் போனது. வளைவு வேறு படுத்துகிறது: உள்முகத்தைவிட வெளிமுகத்தில் ஒவ்வோர் இணைப்பும் அரை அங்குலத்துக்கு மேல் அகன்றுவிடுகிறது. பூசாத சுவர் என்பதால் அதை மறைக்கவும் வழியில்லை.

மார்ச் 3, ஞாயிறு

வட்டச் சுவரின் உண்மையான சிக்கல் கட்டிலைப் பற்றி நினைக்கும்போதுதான் உறைத்தது. ஆறேகால் அடிக் கட்டிலை நீளவாக்கில் சுவரோடு போட்டால், நடுவில் ஏழரை அங்குலம் வீணாக நிற்கும். கடையில் விற்கும் பொருள்கள் எல்லாமே நேர்க்கோட்டில் பிறந்தவை. கொத்தனாரை அழைத்துக்கொண்டு திருவனந்தபுரம் சென்று, தம்பானூர் பேருந்து நிலையத்தருகே கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் வடிவமைத்த இந்தியன் காபி ஹவுஸைக் காட்டினேன். சுருளாக ஏறும் சரிவுத் தளம், துளைகள் விட்ட செங்கற்சுவர், அச்சுவரின் ஓரமாகவே கட்டப்பட்ட இருக்கைகளும் மேசைகளும். காபி ஆறும்வரை சுவரைத் தடவிப் பார்த்திருந்த கொத்தனார், "அப்போ கட்டிலையும் நாமளே கட்டிருவோம் சார்" என்றார்.

ஏப்ரல் 24, புதன்

கூரைக் கான்கிரீட் இன்று முடிந்தது. தளத்தின் அடிப்பகுதியில் இழுவிசையைக் கம்பியே தாங்குவதால், அங்குள்ள கான்கிரீட்டில் ஒரு பகுதிக்குப் பதிலாகக் கம்பிக் கட்டங்களுக்கு நடுவே பழைய மங்களூர் ஓடுகளை இரண்டிரண்டாகச் சேர்த்து வைத்தோம். உலர்ந்த ஓடு கான்கிரீட்டின் நீரை உறிஞ்சிவிடும் என்பதால் முன்கூட்டியே ஊற வைத்தாயிற்று. வட்டத்தின் ஓரத்தில் முழு ஓடு பொருந்தாத இடங்களில் கான்கிரீட்டே நிரம்பியது. அங்கு சிக்கனம் தோற்றது.

மே 12, ஞாயிறு

முட்டுப் பலகைகளைக் கழற்றினோம். அண்ணாந்து பார்த்தால் சிவப்பு ஓடுகள் கட்டம் கட்டமாகத் தெரிகின்றன. இரண்டு மட்டும் சற்றே திரும்பியிருக்கின்றன. சுவரோரமாக வளைந்த செங்கல் திண்ணைக்குக் கொத்தனார் நூல் பிடிக்கத் தொடங்கிவிட்டார். அம்மா தம் கல்யாணப் பீரோவை மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை. மூன்றடி அகலம்தான் என்பதால் அதன் பின்னால் ஒன்றேமுக்கால் அங்குலமே மிஞ்சும். துடைப்பம் நுழையுமா என்று இப்போதே அளந்து பார்த்துவிட்டார்.