விளிம்பில் எழுதிய மூன்று ஊர்கள்

சட்டைப்பையில் ஒரு பழைய பென்னிச் செப்புக்காசோடு பாரிஸ் மலை ஏறினேன். பிரான்சு பாரிஸ் இல்லை. வேல்ஸ் நாட்டின் வடமேற்கில், ஆங்கிள்சி தீவில், அம்லுக் ஊருக்குப் பக்கத்தில் இருக்கும் செம்பு மலை. உயரம் கம்மிதான், ஆனால் அந்த நிறம்! செங்கல் சிவப்பு, மஞ்சள், ஊதா என்று பாறை பாறையாக மாறிக்கொண்டே போகிறது. நடுவில் பிரம்மாண்டமான பள்ளம். அவ்வளவும் ஆட்கள் வெட்டியது.

1768-ல் இங்கே பெரிய செம்புப் படிவம் கிடைத்தது. ஆனால் பிரிட்டிஷ் அரசு நாணயச்சாலை 1775-க்குப் பிறகு செப்புக்காசு அடிப்பதையே நிறுத்திவிட்டது. நம் ஊரில் சில்லறை இல்லையென்று கடைக்காரர் மிட்டாய் கொடுப்பாரே, அதே தட்டுப்பாடு நாடு முழுக்க. கூலி கொடுக்கக்கூடக் காசில்லை. செம்பைக் கையில் வைத்திருந்த சுரங்கக் கம்பெனி 1787-ல் தானே காசு அடித்தது. அதில் ஒன்றுதான் என்னுடையது. ஒரு பக்கம் ஓக் இலை வளையத்துக்குள் முக்காடிட்ட துரூயிது, அதாவது பழங்காலப் பிரிட்டன் பூசாரி. மறுபக்கம், கொண்டு வருபவருக்கு ஒரு பென்னி தருவோம் என்ற வாக்கு. விளிம்பில், கேட்டால் லண்டன், லிவர்பூல், ஆங்கிள்சி மூன்று ஊரிலும் மாற்றிக்கொள்ளலாம் என்ற எழுத்து. கனமும் ஏமாற்றவில்லை, ஏறக்குறைய 28 கிராம் செம்பு.

அப்புறம் கடைக்காரர்களும் ஆளுக்கொரு டோக்கன், அதாவது தனியார் காசு, அடித்தார்கள். எனக்கு மிகவும் பிடித்தது லாக்கிங்டன் என்ற லண்டன் புத்தக வியாபாரியின் அரைப்பென்னி, 1794. ஒரு பக்கம் அவர் முகம். மறுபக்கம் ஒரு தேவதை எக்காளம் ஊத, உலகிலேயே மலிவான புத்தகக் கடை என்ற விளம்பரம்! சந்தையில் மீன் வாங்கிவிட்டு மீதிச் சில்லறை வாங்கியவர் பையிலும் அந்த விளம்பரம் ஏறியிருக்கும்.

சேர்க்க ஆசைப்படுபவர்களுக்கு ஒன்று சொல்வேன்: பளபளவென்று தேய்த்துக் கழுவாதீர்கள். இருநூறு வருடப் பழுப்பு ஒருமுறை போனால் திரும்ப வராது. வாங்கும் முன் விளிம்பைக் கட்டாயம் பாருங்கள். ஒரே அச்சில் அடித்த டோக்கன்கள்கூட விளிம்பு எழுத்தில் வேறுபடும்.

மாலையில் அம்லுக் துறைமுகத்துக்கு இறங்கினேன். இங்கிருந்துதான் செம்பு கப்பலேறியது. குறுகலான கால்வாய் போன்ற இடம், கல் சுவர், நல்ல காற்று. சுவரில் உட்கார்ந்து, ஆங்கிள்சி என்ற எழுத்து மேலே வரும்வரை பென்னியை விரலால் உருட்டிக்கொண்டிருந்தேன்.