மைசி ஆற்றங்கரையில்: ஒரு நாட்குறிப்பு

ஜூன் 3
இன்று முழுக்க வரைபடத்தோடுதான் இருந்தேன். பிரேசிலின் அமேசானாஸ் மாநிலத்தில் மைசி என்றொரு ஆறு. அது மார்மெலோஸில் கலக்கிறது, மார்மெலோஸ் மதெய்ராவில், மதெய்ரா அமேசானில். மைசிக் கரையில் வாழ்பவர்கள் பிரஹா மக்கள். சில நூறு பேர்தான். தண்ணீர் வற்றும் மாதங்களில் மணல்திட்டில் குடியிருக்கிறார்கள். வெள்ளம் ஏறினால் மேட்டுக்குப் போய்விடுகிறார்கள். சாப்பாடு பெரும்பாலும் மீன், அப்புறம் மரவள்ளி.

ஜூன் 5
எங்கே தேடினாலும் 'எண்ணத் தெரியாதவர்கள்' என்றுதான் முதலில் வருகிறது. எனக்குப் பொறுக்கவில்லை. எண்ணுக்கென்று சொல் இல்லாதது உண்மைதான். அவர்கள் மொழியில் 'ஹோய்' என்றால் 'ஒன்று' என்று ஆய்வாளர்கள் நினைத்திருந்தார்கள். 2008-இல் வெளியான ஆய்வில் 10 நூற்கண்டுகளை வைத்து ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டே வந்தபோது, 6 மீதி இருக்கையிலேயே சிலர் 'ஹோய்' என்றார்கள். ஆக, 'கொஞ்சம்' என்பது போன்ற சொல் அது. ஆனால் அதே ஆய்வில், கண்முன்னே நூற்கண்டுகள் வரிசையாக இருந்தால், அத்தனைக்கு அத்தனை சரியாகப் பலூன்களை எடுத்து வைத்தார்கள். மறைத்த பிறகு பிசகியது. இந்தப் பாதியை யாரும் சொல்வதில்லையே!

ஜூன் 9
இரண்டு நாளாக மனதில் ஓடுவது இதுதான். பிரஹா மொழியில் வினையோடு ஒட்டும் விகுதியே, பேசுபவர் அதைக் கண்ணால் கண்டாரா, பிறர் சொல்லிக் கேட்டாரா, ஊகித்தாரா என்று காட்டிவிடும். நாம் 'வந்தான்' என்பதற்கும் 'வந்தானாம்' என்பதற்கும் வைத்திருக்கும் வித்தியாசத்தை இன்னும் விரித்துப் பார்த்தால் புரியும்.

டேனியல் எவரெட் 1977-இல் மதபோதகராக அங்கே போனார். இயேசுவைப் பற்றிச் சொன்னபோது, அவரை நேரில் பார்த்திருக்கிறாயா என்று கேட்டார்களாம். இல்லை என்றதும் அவர்களுக்கு அந்தப் பேச்சில் ஆர்வம் போய்விட்டது. பின்னாளில் எவரெட்டே மத நம்பிக்கையை விட்டார். எண் இல்லாத மொழி என்று சுருக்கிவிட்ட இடத்தில் இவ்வளவு கறாரான சாட்சி விசாரணை இருக்கிறது.

ஜூன் 10
வேட்டையில் ஆண்கள் சீட்டியடித்தே பேசுகிறார்கள். சொற்களின் ஏற்ற இறக்கம் சீட்டியில் அப்படியே வந்துவிடுவதால் அர்த்தம் கெடுவதில்லை.

ஜூன் 14
'இபிபியோ' என்றொரு சொல். படகு ஆற்று வளைவில் திரும்பி மறையும்போது இதைச் சொல்கிறார்கள். வளைவைத் தாண்டிக் கண்ணில் படும்போதும் இதே சொல். தீக்குச்சிச் சுடர் அணைவதும் தெரிவதுமாகத் துடித்தால் அதற்கும் இதுதான். இரவு மறுபடி வரைபடத்தை விரித்தேன். மைசி எத்தனை முறை வளைகிறது!