மயிர் பொசுங்கிய மணம்

1986, உயர்தர வகுப்பு. பல்பகுதியம் (சிறு மூலக்கூறுகள் சங்கிலியாகக் கோத்த பொலிமர்) படிப்பிக்க வந்த எங்கள் இரசாயனவியல் சேரின் கையில் ஒரு நெருப்புப்பெட்டியும் குறடும் மட்டும்தான் இருந்தன. யாழ்ப்பாணத்துக் குருநகர் நண்பன் கிழிந்த மீன்வலைத் துண்டொன்று கொண்டுவந்திருந்தான். சேர் அதைக் குறட்டால் பிடித்துக் கொளுத்தினார். வலை உருகிச் சொட்டி, நுனியில் கறுத்த மணியாக இறுகியது. வகுப்பு முழுக்க மயிர் பொசுங்கிய மணம்.

"மயிரிலும் காபனையும் நைதரசனையும் கோக்கிற ஏமைட்டுப் பிணைப்பு, நைலோனிலும் ஏமைட்டுப் பிணைப்பு. மூக்கை நம்புங்கோ, தம்பிமார்."

அப்புறம் சொப்பிங் பாக்: அணைத்த மெழுகுதிரி மணம். பி.வி.சி. குழாயில் சூடாக்கித் தொட்டெடுத்த செப்புக் கம்பி சுவாலையில் பச்சையாக எரிந்தது, குளோரீன்.

எட்டு வருடம் கழித்து ஒரு பிளாஸ்ரிக் ஆய்வுகூடத்தில் வேலை. உடைந்த பற்சில்லு ஒன்று வந்தது. சேரின் முறைப்படி ஒரு சீவலைக் கொளுத்தி மணந்து பார்த்தேன். நைலோன்தான். செங்கீழ்க்கதிர்க் கருவியும் அலையெண் 1640, 1540 அளவில் ஏமைட்டுக்குரிய இரண்டு பள்ளங்களைக் காட்டியது. நைலோன் வகைகளில் ஒன்றான 'நைலோன் 66' என்று அறிக்கை எழுதிக் கொடுத்துவிட்டேன்.

மேலாளர் கூப்பிட்டார். "எத்தனை பாகையில் உருகிச்சு?"

பார்க்கவில்லை. சில மில்லிகிராமைக் குட்டி அலுமினியச் சட்டியில் வைத்து மெல்ல மெல்லச் சூடாக்கினோம். 66 என்றால் 260 பாகை செல்சியஸ் வரை தாக்குப்பிடிக்க வேண்டும். இது 220 அளவிலேயே உருகிவிட்டது. நைலோன் 6.

அந்த 40 பாகைக்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது. 1935இல் அமெரிக்காவின் டியூபொன்ட்டில் வாலஸ் கரோதர்ஸின் குழு, ஆறு காபன் கொண்ட இரண்டு சேர்வைகளைக் கோத்து 66ஐச் செய்தது. காப்புரிமையும் அவர்களுக்கே. கப்ரோலக்டம் என்ற வளையச் சேர்வை பல்பகுதியமாகாது என்று கரோதர்ஸ் முன்பே எழுதியிருந்தார். 1938இல் ஜேர்மனியின் போல் ஷ்லாக் அதே வளையத்தைத் திறந்து நைலோன் 6ஐச் செய்துவிட்டார்! இரண்டிலும் அதே அணுக்கள், அதே விகிதம். சங்கிலியில் ஏமைட்டுகள் பார்க்கும் திசைதான் வேறு. மூக்கு என்ன செய்யும், பாவம்.

குருநகர் வலை எந்த நைலோன்? அந்தக் கறுத்த மணியை என் கொம்பாஸ் பெட்டியில் கனகாலம் வைத்திருந்தேன். 1995 யாழ்ப்பாண இடப்பெயர்வில் வீட்டோடு அதுவும் போய்விட்டது. இருந்திருந்தால், மூன்று மில்லிகிராம் சுரண்டினாலே போதும்.